மந்திரவாதியின் பக்கத்தில் நிற்பவர்கள்

1938 ஜூன் மாதத் தேதியிட்டு வந்த ஆக்சன் காமிக்ஸ் முதல் இதழின் விலை 10 சென்ட். அட்டையில் காரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கும் சூப்பர்மேனை எல்லாருக்கும் தெரியும். அதே இதழைப் புரட்டிக்கொண்டே போனால் உள்ளே இன்னொருவர் இருக்கிறார். கறுப்புக் கோட், உயரமான தொப்பி, மெல்லிய மீசை. பெயர் ஸாட்டாரா. உருவாக்கியவர் ஃபிரெட் கார்டினியர்.

அந்த இதழில் ஒரு வேடிக்கை உண்டு. சூப்பர்மேனின் பலத்துக்கு விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். எறும்பு தன் எடையைப் போலப் பல மடங்கைச் சுமக்கிறது, வெட்டுக்கிளி தன் அளவுக்குப் பல மடங்கு தூரம் தாவுகிறது, இவரும் அந்த மாதிரிதான் என்கிறார்கள். பொறியியல் படித்தவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எறும்பை மனித அளவுக்குப் பெரிதாக்கினால் அதன் எடை ஏறுகிற வேகத்துக்கு அதன் கால்களின் பலம் ஏறாது. நின்ற இடத்திலேயே மடங்கி விழும். ஆனாலும் ஏதோ ஒரு கணக்குக் காட்ட வேண்டும் என்று ஜெர்ரி சீகலுக்கும் ஜோ ஷஸ்டருக்கும் தோன்றியிருக்கிறது. ஸாட்டாராவுக்கு அதுகூடக் கிடையாது. அவருடைய வித்தை, சொற்களைத் தலைகீழாகச் சொல்வது. தமிழில் செய்தால் 'கதவே திற' என்பதை 'றதிவேதக' என்று சொல்ல வேண்டும். கதவு திறந்துவிடும். சக்தி எங்கிருந்து வந்தது, எவ்வளவு செலவானது, யார் கணக்கில் எழுதப்பட்டது? கேட்பாரே இல்லை.

ஏன் இல்லை என்றால், அது உண்மையில் மாந்திரீகமே அல்ல. மேடை வித்தை. கோட்டும் தொப்பியும் அங்கிருந்து வந்தவைதான். மேடையில் முயலை எடுப்பவரிடம் 'இதற்கு என்ன விலை கொடுத்தாய்' என்று யாரும் கேட்பதில்லை. 1934இல் லீ ஃபாக் எழுதத் தொடங்கிய மாண்ட்ரேக்கும் இதே தையல்காரரிடம் கோட் தைத்தவர்தான். தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்கு மாண்ட்ரேக்கை நன்றாகவே தெரியும். கையை ஒரு அசைப்பு அசைப்பார். எதிராளியின் துப்பாக்கி பாம்பாகத் தெரியும். அவர் பக்கத்தில் லோதார் நிற்பார். ஆப்பிரிக்க இளவரசர், ஆனால் வேலை என்னவோ மந்திரவாதிக்கு அடியாள் வேலை. ஸாட்டாராவுக்கும் டோங் என்று ஒரு உதவியாள் இருந்தார். இந்த உதவியாட்களை ஓரமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

எங்கள் பாட்டி ஒன்று சொல்வார்: சூனியம் வைக்கிறவன் நன்றாகத்தான் இருப்பான், அவன் பிள்ளைக்குட்டிதான் விளங்காது. தோட்டப்புறத்தில் வளர்ந்த பலரும் இந்த மாதிரி ஒன்றைக் கேட்டிருப்பீர்கள். மந்திரத்துக்கு விலை உண்டு, ஆனால் அதைச் செய்தவன் கட்டமாட்டான் என்பதுதான் அதன் பொருள். அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸ் இந்த இடத்துக்கு வந்து சேர ஏறத்தாழ 50 வருடம் ஆனது. வந்து சேர்ந்த பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

ஆரம்ப காலக் கதைகளில் விலையே இல்லை என்று சொன்னால் அது முழுதாகச் சரியில்லை. விலை இருந்தது, யாரும் அதை விலை என்று சொல்லவில்லை. 1940இல் வந்த விஸ் காமிக்ஸ் இரண்டாம் இதழில் பில்லி பேட்சன் என்ற அனாதைச் சிறுவன் 'ஷசாம்' என்று ஒரு சொல்லைச் சொல்கிறான்; சாலமனின் அறிவு, ஹெர்குலிஸின் பலம் என ஆறு பேரின் வரங்கள் அவனுக்கு வருகின்றன. எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். பில்லிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வரத்தைக் கொடுத்த கிழவரைப் பாருங்கள். அவர் தலைக்கு மேல் ஒரு பெரிய கல் மெல்லிய நூலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. சக்தியைக் கைமாற்றியதும் நூல் அறுந்து கல் விழுகிறது, ஆள் காலி. பில்லி பெரிதாக அழவெல்லாம் இல்லை. அடுத்த கட்டத்தில் கதை வேறு எங்கோ ஓடிவிடுகிறது.

அதே 1940இல் கார்ட்னர் ஃபாக்ஸும் ஹோவர்ட் ஷெர்மனும் உருவாக்கிய டாக்டர் ஃபேட்டும் இப்படித்தான். கென்ட் நெல்சன் சிறுவனாக இருக்கும்போது அகழ்வாராய்ச்சியாளரான அப்பாவுடன் மெசப்பொடேமியாவுக்குப் போகிறான். பழைய கல்லறையில் உறங்கும் நாபுவை எழுப்புகிறான், வெளிவந்த நச்சுக் காற்றில் அப்பா செத்துப்போகிறார். அதற்கு ஈடாக நாபு அவனுக்கு வித்தை கற்றுக்கொடுக்கிறார். அப்பாவைக் கொடுத்து ஹெல்மெட்டை வாங்கியிருக்கிறான். 1941இல் இதை வாசித்த பிள்ளைகள் ஹெல்மெட்டைத்தான் பார்த்திருப்பார்கள்.

1954இல் காமிக்ஸ் தணிக்கை விதிகள் வந்தன. தலைப்பில் 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்கள் கூடாது. நடக்கும் பிணம், ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன் எதுவும் கூடாது. மாந்திரீகத்தின் இருட்டுப் பக்கம் முழுக்கக் கடைகளிலிருந்து போய்விட்டது. அந்தக் கெடுபிடிக்குள் இருந்துகொண்டே 1963இல் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்டான் லீயும் டாக்டர் ஸ்ட்ரேஞ்சைக் கொண்டுவந்தார்கள். முதல் கதை ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ் 110ஆம் இதழில், அவர் எப்படி மந்திரவாதி ஆனார் என்ற கதை 115ஆம் இதழில்.

இங்கேதான் முதன்முதலாக ஒரு முறையான கணக்குப் புத்தகம் திறக்கிறது என்பேன். ஸ்ட்ரேஞ்ச் பணத்தாசையும் திமிரும் பிடித்த அறுவை மருத்துவர். கார் விபத்தில் கை நரம்புகள் போய்விடுகின்றன. இனி கத்தி பிடிக்க முடியாது. கைகளைச் சரிபண்ணத்தான் மூத்த குருவைத் தேடிப் போகிறார். கைகள் சரியாகவில்லை, மந்திரம் கிடைக்கிறது. இது நுழைவுக் கட்டணம். ஒரு தடவை கட்டிவிட்டு உள்ளே போய்விடலாம்.

உள்ளே போன பிறகு மந்திரம் எப்படி வேலை செய்கிறது? கடன் வாங்கித்தான். ஸ்ட்ரேஞ்சின் மந்திரங்களைக் கவனித்தால் அவை பெரும்பாலும் யாரோ ஒருவரின் பெயரைச் சொல்லிக் கேட்பவை. விஷாந்தி, ஹோகோத், சிட்டோராக். இந்தப் பெயர்கள் ஆரம்பத்தில் சும்மா ஓசைக்காகப் போட்டவை போலத்தான் இருக்கின்றன. டொர்மாமு என்ற பெயரும் முதலில் மந்திரச் சொல்லாகத்தான் வந்தது. பிறகு 1964இல், 126ஆம் இதழில், அந்தப் பெயருக்கு உரியவரே எதிரே வந்து நிற்கிறார், தலை தீயாக எரிந்தபடி. எனக்கு டிட்கோவிடம் மிகவும் பிடித்தது இதுதான். வாயில் வந்த பெயரையெல்லாம் அழைத்துக்கொண்டிருந்தால் ஒருநாள் அந்தப் பெயருக்கு ஒரு முகம் இருக்கும் என்று அவர் காட்டிவிட்டார். ஆனால் கடனைத் திருப்பிக் கேட்கும் கதையை அவர் எழுதவில்லை. 1966இல் 146ஆம் இதழோடு மார்வெலை விட்டுப் போய்விட்டார்.

ஆமாம், அந்த 110ஆம் இதழிலேயே ஸ்ட்ரேஞ்சின் வீட்டில் ஒரு ஆசிய வேலைக்காரர் இருக்கிறார். அந்தக் கதையில் அவருக்குப் பெயர்கூட இல்லை. பிற்பாடு வோங் என்று வைத்தார்கள்.

1971இல் தணிக்கை விதிகள் தளர்ந்தன. மறுவருடமே ஜானி பிளேஸ் தன் ஆன்மாவை விற்று கோஸ்ட் ரைடர் ஆகிறான். தன்னை வளர்த்தவரின் புற்றுநோயைக் குணமாக்கத்தான் விற்கிறான். நோய் குணமாகிறது; அவரோ மோட்டார் சைக்கிள் சாகசத்தில் விழுந்து சாகிறார். ஒப்பந்தத்தில் ஓட்டை தேடும் பேய்க் கதை, நமக்குப் பழக்கமான வகை. அதைவிட முக்கியமானது 1975இல் மார்ட்டின் பாஸ்கோ எழுதி வால்ட் சைமன்சன் வரைந்த ஒரே ஒரு டாக்டர் ஃபேட் கதை. ஹெல்மெட்டைப் போட்டதும் கென்ட் நெல்சன் இல்லாமல் போகிறார், உடம்பை நாபு எடுத்துக்கொள்கிறார் என்று அதில் வருகிறது. 35 வருடமாக அவர் ஜெயித்த சண்டைகளையெல்லாம் யார் போட்டது என்று சந்தேகம் வந்துவிடுகிறது. அந்தக் கதையில் என்னைத் தொந்தரவு செய்தது கென்ட் அல்ல, அவருடைய மனைவி இன்ஸா. ஜன்னலோ கதவோ இல்லாத கோபுரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். கணவரின் உடம்பு வெளியே உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. திரும்பி வருவது யார் என்று ஹெல்மெட்டைக் கழற்றினால்தான் தெரியும்.

இனி 1985. ஆலன் மூர் எழுதிய ஸ்வாம்ப் திங் 37ஆம் இதழில் ஜான் கான்ஸ்டன்டைன் வருகிறான். மழைக்கோட், சிகரெட், லிவர்பூல்காரன். இந்தத் தொடர் அதற்கு முன்பே தணிக்கை முத்திரை இல்லாமல் வெளிவர ஆரம்பித்திருந்தது. கான்ஸ்டன்டைனுக்குத் தொப்பி கிடையாது, ஹெல்மெட் கிடையாது, பெரிய மந்திர பலமும் கிடையாது. அவனுடைய வித்தை, ஆட்களைச் சேர்ப்பது. யார் யாரிடம் என்ன சக்தி இருக்கிறது என்று தெரிந்து, பேசிப் பேசி ஒரு அறைக்குள் கொண்டுவந்து உட்காரவைத்துவிடுவான்.

1986இல், 50ஆம் இதழில், அந்த அறை வருகிறது. நரகத்துக்கு அப்பால் ஆதி இருள் ஒன்று எழுந்து வருகிறது. அதை எதிர்ப்பவர்களுக்குச் சக்தி அனுப்ப வாஷிங்டனில் ஒரு வீட்டில் மேசையைச் சுற்றி மந்திரவாதிகள் கைகோத்து உட்காருகிறார்கள். யார் யார் என்று பாருங்கள். சீகலும் ஷஸ்டரும் சூப்பர்மேனுக்கு முன்பே, 1935இல், உருவாக்கிய டாக்டர் ஆக்கல்ட். 40களின் சார்கன். ஸட்டானா. அவளுடைய அப்பா, நம்ம ஸாட்டாரா. அதே கோட், அதே தொப்பி. 48 வருடம் ஒரு காசு கட்டாமல் மந்திரம் போட்ட மனிதர்.

விதி ஒன்றுதான்: கையை விடக் கூடாது, வட்டம் உடையக் கூடாது. இருள் திருப்பி அடிக்கும்போது அந்த அடி கம்பியில் மின்சாரம் வருவதுபோல மேசைக்கு வந்து சேருகிறது. சார்கனின் உடம்பு சூடாகிறது. கையை விடவில்லை. அப்படியே எரிந்து சாகிறார். அடுத்து சூடு ஸட்டானாவிடம் போகிறது. அப்பா அதைத் தன்மேல் இழுத்துக்கொள்கிறார். அவரும் எரிந்துபோகிறார். அந்த உயரமான தொப்பி மிஞ்சுகிறது. அவர்களை அங்கே கூட்டிவந்த கான்ஸ்டன்டைன் உயிரோடு எழுந்து போகிறான்.

மூர் வேண்டுமென்றேதான் ஸாட்டாராவைத் தேர்ந்தெடுத்தார் என்று நான் நினைக்கிறேன். ஆக்சன் காமிக்ஸ் முதல் இதழிலிருந்தே கணக்கில் வராத பாக்கி அது. ஆனால் கவனியுங்கள், அவர் கட்டியது தன் பாக்கியையும் இல்லை. கான்ஸ்டன்டைன் போட்ட திட்டத்தின் செலவு அது; மகள் கட்ட வேண்டியிருந்ததை அப்பா கட்டினார்.

இரண்டு வருடம் கழித்து, 1988 ஜனவரி தேதியிட்டு, ஹெல்பிளேசர் தனி இதழாக வந்தது. ஜேமி டெலானோ எழுத்து, ஜான் ரிட்ஜ்வே ஓவியம். முதல் கதையே கேரி லெஸ்டரைப் பற்றியது. ஹெராயினுக்கு அடிமையான பழைய நண்பன். நெமோத் என்ற பசிப் பேய் ஒன்றை அவன் தெரியாத்தனமாக நியூயார்க்குக்கு அனுப்பிவைத்துவிட்டு, பயந்துபோய் கான்ஸ்டன்டைன் வீட்டுக்கு ஓடி வருகிறான். காப்பாற்று என்கிறான். கான்ஸ்டன்டைன் அவனைச் சமாதானப்படுத்தி நியூயார்க் கூட்டிப்போகிறான். அங்கே பாப்பா மிட்நைட்டுடன் சேர்ந்து போடும் திட்டத்தில் பேயை அடைக்க ஒரு பாத்திரம் வேண்டும். கேரிதான் அந்தப் பாத்திரம். அவனைக் கட்டி, அடைத்து, உள்ளே அந்தப் பசி அவனைத் தின்னும்படி விட்டுவிடுகிறார்கள். நகரம் பிழைக்கிறது. அடுத்த இதழ்களில் செத்துப்போன நண்பர்களின் ஆவிகள் கான்ஸ்டன்டைன் பின்னால் நடக்கின்றன. கேரியும் சேர்ந்துகொள்கிறான்.

11ஆம் இதழில் நியூகாசல் சம்பவம் முழுதாக வருகிறது. ஆஸ்ட்ரா என்ற சிறுமியைக் காப்பாற்ற இளைஞனான கான்ஸ்டன்டைன் ஒரு பேயை வரவழைக்கிறான், அதைக் கட்டுப்படுத்தத் தேவையான பெயர் தெரியாமலே. பெயர் தெரியாமல் கூப்பிட்டது சிறுமியை நரகத்துக்கு இழுத்துப்போகிறது. எங்கள் வேலையில் ஒரு அமைப்புக்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன்னால் எதை எங்கே துண்டிக்கலாம் என்று எழுதி வைத்துக்கொண்டுதான் சுவிட்சைத் தொடுவோம். அந்தத் தாள் இல்லாமல் சுவிட்சைப் போட்டவன் கான்ஸ்டன்டைன். சுவிட்சுக்கு அந்தப் பக்கம் நின்றது ஒரு குழந்தை.

1991இல் கார்த் என்னிஸ் எழுதிய தொடரில் கடைசியில் அவனுக்கே பில் வருகிறது. நுரையீரல் புற்றுநோய். அத்தனை சிகரெட். மருத்துவமனையில் மேட் என்ற முதியவர் பழக்கமாகிறார், அவருக்கும் அதே நோய். கான்ஸ்டன்டைன் என்ன செய்கிறான்? நரகத்தை ஆளும் மூவரில் ஒருவர் அவன் ஆன்மாவுக்காகக் காத்திருக்க, மற்ற இருவருக்கும் தனித்தனியாக அதே ஆன்மாவை விற்றுவிடுகிறான். அவன் செத்தால் மூவருக்கும் சண்டை வரும். வேறு வழியில்லாமல் அவர்களே நோயைக் குணமாக்கி எழுப்பிவிடுகிறார்கள். படிக்கும்போது கைதட்டத் தோன்றும், எனக்கும் தோன்றியது. மேட் செத்துப்போகிறார். அவரிடம் ஏமாற்றுவதற்குப் பேய் எதுவும் இல்லை.

இதை வெறும் ஒழுக்கக் கதையாகப் பார்த்தால் பாதிதான் புரியும். ஏன் திரும்பத் திரும்பப் பக்கத்தில் நிற்பவர்களே கட்டுகிறார்கள்? மாதாமாதம் வரும் இதழில் கதாநாயகன் ஒரு வணிகச் சின்னம். அவன் கை நிரந்தரமாகப் போகக் கூடாது, ஆயுள் குறையக் கூடாது, முகம் மாறக் கூடாது. அட்டையில் அடுத்த மாதமும் அவன் வேண்டும், படம் எடுக்கும் நிறுவனத்துக்கும் பொம்மை செய்யும் நிறுவனத்துக்கும் வேண்டும். ஆனால் 80களுக்குப் பிறகு வாசகர் வளர்ந்துவிட்டார், 'எல்லாம் இலவசம்' என்றால் நம்பமாட்டார். அப்போ விலையை யார் தலையிலாவது எழுத வேண்டும். யார் தலையில்? சின்னமாகப் பதிவாகாத ஆட்கள் தலையில். நண்பன், மனைவி, அப்பா, வேலைக்காரன்.

2007இல் ஸ்பைடர்மேனுக்கு நடந்தது இதன் அசிங்கமான வடிவம். மே அத்தை குண்டடிபட்டுக் கிடக்கிறார். டாக்டர் ஸ்ட்ரேஞ்சாலும் முடியாது. மெஃபிஸ்டோ வந்து விலை சொல்கிறான்: பீட்டர், மேரி ஜேன் திருமணம். நடக்கவே இல்லாததாக அதை அழித்துவிடுவான், இருவருக்கும் நினைவிருக்காது. 1987இல் நடந்த திருமணம். 20 வருடக் கதை. மார்வெலின் தலைமை ஆசிரியர் ஜோ கேசடா திருமணமாகாத ஸ்பைடர்மேன்தான் வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசிவந்தவர். ஆக, மெஃபிஸ்டோ வாங்கிக்கொண்டது பதிப்பாளருக்கு ஏற்கெனவே வேண்டாமல் இருந்த பொருள். கொடுப்பவருக்கும் வலிக்காத, வாங்குபவருக்கும் லாபமான விலை. வலித்தது கூடவே வளர்ந்த வாசகர்களுக்குத்தான்.

இந்தப் பின்னணியில் 2015இல் ஜேசன் ஆரன் எழுதி கிறிஸ் பச்சாலோ வரைய ஆரம்பித்த டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் நேர்மையான முயற்சி. ஒவ்வொரு மந்திரத்துக்கும் உடம்பு விலை கொடுக்கிறது என்பதுதான் தொடரின் அடிப்படையே. ஸ்ட்ரேஞ்சால் சாதாரணச் சாப்பாடு சாப்பிட முடியாது. வயிறு கெட்டுவிட்டது, வோங் சமைத்துக்கொடுக்கும் வேற்றுலகப் பண்டங்கள் மட்டும்தான் உள்ளே இறங்கும். பச்சாலோ அந்தச் சாப்பாட்டை வரைந்திருப்பதைப் பார்த்தால் இரண்டு நாளைக்கு சோத்தோங் பக்கம் போகமாட்டீர்கள். வீட்டு நிலவறையில் அவருடைய வலியெல்லாம் சேர்ந்து உருவான ஒரு ஜந்து அடைபட்டுக் கிடக்கிறது.

முதல் சில இதழ்கள்வரை, சரி, கடைசியில் ஒரு மந்திரவாதி தன் பில்லைத் தானே கட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டிருப்போம். பிறகு தெரியவருகிறது: இத்தனை வருடமும் அவர் கட்டியது அவருடைய பங்கில் கொஞ்சம்தான். வோங் அவருக்குத் தெரியாமல் ஒரு ரகசியச் சீடர் கூட்டத்தைச் சேர்த்து வைத்திருக்கிறார். ஸ்ட்ரேஞ்ச் மந்திரம் போட்டால் அந்த வலியை அவர்கள் தங்கள் உடம்பில் வாங்கிக்கொள்கிறார்கள். அதனால்தான் அவர் இன்னும் நிமிர்ந்து நிற்கிறார்.

1963இல் பெயரில்லாமல் வந்த வேலைக்காரர், 50 வருடம் கழித்து, எஜமானனின் கணக்குப்பிள்ளையாகத் தெரியவருகிறார். லோதார், டோங், வோங் வரிசையில் இதை வைத்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. சிலர் இதை வோங்குக்குக் கிடைத்த கௌரவம் என்று வாசிக்கிறார்கள். வோங்தான் உண்மையான ஆதாரம் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோட்டத்தில் துரையின் வீட்டுக் கணக்கு சரியாக இருந்ததற்கும் யாரோ ஒருவர் முதுகுதான் ஆதாரமாக இருந்தது. ஆரனைப் பாராட்ட வேண்டிய இடம் வேறு: ஸ்ட்ரேஞ்சுக்கு அது தெரியாமல் இருந்தது என்று எழுதியிருக்கிறார். 'யார் சமைக்கிறார், யாருக்கு வலிக்கிறது என்று நான் கேட்கவே இல்லை' என்ற நிலை. திமிர் பிடித்த அறுவை மருத்துவர் கார் விபத்தோடு செத்துப்போய்விட்டார் என்று 1963இலிருந்து நம்பிக்கொண்டிருந்தோம்.

ஒரே ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும், அதுவும் கான்ஸ்டன்டைனிடமிருந்தே. ஹெல்பிளேசரில் அவனுக்கு உண்மையான காலக்கணக்கில் வயதானது. 1953இல் பிறந்தவன், 1993 இதழ் ஒன்றில் அவனுடைய 40ஆவது பிறந்தநாள் கொண்டாடினார்கள். 300 இதழ்கள், 25 வருடம். தலை நரைத்தது. மற்ற எல்லாச் செலவையும் பிறர் தலையில் கட்டியவன், வருடங்களை மட்டும் தானே கட்டிக்கொண்டிருந்தான். சூப்பர்மேனும் பேட்மேனும் என்றைக்கும் கட்டாத விலை அது.

2013 பிப்ரவரியில் 300ஆம் இதழோடு ஹெல்பிளேசரை நிறுத்தினார்கள். அடுத்த மாதம் 'கான்ஸ்டன்டைன்' என்று புதிய தொடர் முதல் இதழிலிருந்து தொடங்கியது. அதே மழைக்கோட், அதே சிகரெட். நரை இல்லை, 20 வயது குறைந்திருந்தது.